ஏழாம் நாள் யாருக்கு? – கிறித்தவ மரபில் உழைப்பும் ஓய்வும்



சமணக் குடும்பத்தில் பிறந்து பாத்திரக் கடையில் காலம் தள்ளுகிற ஒருவனுக்குக் கிறித்தவர்களுடைய ஓய்வுநாளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்த மும்பையில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வங்கி, அரசு அலுவலகம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கின்றன. நம் சங்கத்துக் கூட்டமும் கலைவிழாவும் ஞாயிறன்றுதான். பெண் பார்க்கப் போவதும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதும்கூட அன்றைக்குத்தான். இப்படி நம்ம வாழ்க்கையையே ஒழுங்கு பண்ணுகிற ஒரு நாள் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்வது எல்லாருக்கும் பொதுவான விஷயம். நான் முறையாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவன் இல்லை. கடை சாத்திய பிறகு இரவில் படித்துச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

வாரம் ஏழு நாள் என்ற கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளின் பெயர்கள் வரிசையாகத் திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்திலேயே வருகின்றன. அது 7ஆம் நூற்றாண்டு. கிழமை இருந்தது, ஆனால் ஏழு நாளைக்கு ஒருமுறை வேலையை நிறுத்தும் வழக்கம் இருக்கவில்லை. நம்ம ஓய்வெல்லாம் வேறு கணக்கில் நடந்தது. அமாவாசையன்று கொத்தனாரும் தச்சரும் கருவியைத் தொடாத வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆயுத பூசைக்குக் கருவிக்கு ஓய்வு, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்கு ஓய்வு. சமண இல்லறத்தார் அட்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசமிருந்து, முடிந்தவரை வியாபாரத்தை விலக்கி வைப்பார்கள். ஏழில் ஒரு நாள் என்ற முறை மேற்காசியாவில், யூத மக்களிடையே வேரூன்றி, கிறித்தவத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது.

கட்டளை யாருக்கு?

கிறித்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் பகுதியில் பத்துக் கட்டளைகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ஒன்று யாத்திராகமம் 20ஆம் அதிகாரம், மற்றொன்று உபாகமம் 5ஆம் அதிகாரம். ஓய்வுநாளைக் காக்க வேண்டும் என்ற கட்டளை இரண்டிலும் உண்டு. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் வேறு வேறு. முதலாவதில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், ஆகவே மனிதனும் ஓய வேண்டும் என்று வருகிறது. இரண்டாவதில், நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள், அதை மறக்காதீர்கள் என்று வருகிறது. ஓய்வே இல்லாமல் செங்கல் அறுத்தவர்கள் நாளைக்குத் தாங்களே எசமானர்களாக ஆகும்போது, அதே வேலையை இன்னொருவன் தலையில் சுமத்தக் கூடாது என்பது இதன் உட்பொருள்.

கட்டளையில் யார் யாருக்கெல்லாம் ஓய்வு என்று ஒரு பட்டியலே உண்டு. வீட்டுக்காரன், மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, கடைசியாக அந்த ஊரில் வந்து தங்கியிருக்கும் அயலூரான். நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். சொந்த ஊர்க்காரனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வந்தேறியிடம் வேலை வாங்கிக்கொள்ளலாம் என்ற குறுக்கு வழியை மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்த மரபு அப்போதே அடைத்து வைத்திருக்கிறது.

மாட்டைச் சேர்த்ததும் எனக்குப் பிடித்த விஷயம். சமண இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து வழுக்கள் சொல்வார்கள். அதில் ஒன்று அதிபாராரோபணம், அதாவது தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவது. அடித்துக் கொன்றால்தான் இம்சை என்றில்லை, அளவுக்கு மேல் சுமை ஏற்றினாலே விரதம் பழுதுபட்டது என்று பொருள். இரண்டு மரபுகளும் வேறு வேறு திசையில் தோன்றியவை. ஆனாலும் சுமக்கிறவன் பக்கத்திலிருந்து பார்ப்பதில் ஒன்றாகிவிடுகின்றன.

தராசும் ஓய்வுநாளும்

வியாபாரிகளான நாம் படிக்க வேண்டிய இரண்டு இடங்கள் பழைய ஏற்பாட்டில் உண்டு. ஒன்று ஆமோஸ் என்ற தீர்க்கதரிசியின் நூல். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், ஆடு மேய்த்தவர். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து தானியம் விற்கலாம் என்று பொறுமையில்லாமல் காத்திருந்த வணிகர்களை அவர் கடுமையாகச் சாடுகிறார். அவர்களே மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசு பிடித்தவர்கள் என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னது சும்மா இல்லை. நேரத்தில் பேராசை பிடித்தவனுக்கு நிறையிலும் பேராசை வரும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. கடை வாசலில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை நான் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று நெகேமியாவின் நூல், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. எருசலேமில் ஓய்வுநாளன்றும் சந்தை நடந்தது. தீரு பட்டினத்திலிருந்து வந்து தங்கிய வணிகர்கள் மீன் விற்றார்கள். நெகேமியா முதல் நாள் பொழுது சாயும்போதே நகரக் கதவுகளை மூட உத்தரவிட்டார். வணிகர்கள் ஓரிரண்டு தடவை மதிலுக்கு வெளியே சரக்கோடு படுத்துக் கிடந்தார்கள். இனி வந்தால் பிடித்துப் போடுவேன் என்று அவர் மிரட்டிய பிறகுதான் வருவதை நிறுத்தினார்கள். கடை அடைப்புச் சட்டத்துக்கும், அதை மீறி ஷட்டரைப் பாதி இறக்கி விற்கிறவனுக்கும் எவ்வளவு பழைய சரித்திரம் இருக்கிறது பாருங்கள்!

ஏசுநாதர் செய்த திருத்தம்

சட்டம் இறுகிப் போனால் என்ன ஆகும் என்பதும் அந்த மரபுக்குள்ளேயே தெரியவருகிறது. ஓய்வுநாளில் எது வேலை, எது வேலையில்லை என்று நுணுக்கமாக வாதம் வளர்ந்த காலத்தில் ஏசுநாதர் வருகிறார். ஓய்வுநாளன்று கை சூம்பிய ஒருவரைக் குணமாக்குகிறார். பதினெட்டு வருஷம் கூன் விழுந்திருந்த ஒரு பெண்ணை நிமிர வைக்கிறார். குறை சொன்னவர்களிடம், நீங்கள் ஓய்வுநாளில் மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணி காட்டுவதில்லையா என்று கேட்கிறார். மனிதனுக்காகத்தான் ஓய்வுநாள், அந்த நாளுக்காக மனிதன் இல்லை என்பது அவர் நிலை.

அதே சமயம் ஓய்வு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களைத் தனியான இடத்துக்கு வந்து கொஞ்சம் இளைப்பாறச் சொன்னதாக மாற்கு சுவிசேஷத்தில் இருக்கிறது. அவருடைய தொண்டர் பவுல் கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர், கையால் உழைத்துக்கொண்டே ஊர் ஊராகப் போனவர். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்ற கண்டிப்பும் அவர் கடிதத்தில் உண்டு. உழைப்பு கேவலமில்லை, ஓய்வு சோம்பலில்லை என்ற சமநிலை ஆரம்பத்திலேயே அமைந்துவிட்டது.

ஞாயிறு விடுமுறையான கதை

யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. ஏசுநாதர் உயிர்த்தெழுந்த நாள் ஞாயிறு என்பதால் கிறித்தவர்கள் அன்று கூடி வழிபட்டார்கள். ஆனால் முதல் மூன்று நூற்றாண்டுகள் ரோமப் பேரரசில் அது சாதாரண வேலைநாள்தான். பிளினி என்ற ஆளுநர் ஏறக்குறைய கி.பி. 112இல் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்தவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியும் முன்பே கூடுகிறார்கள் என்று எழுதுகிறார். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். விடிந்தால் எசமான் வீட்டு வேலை காத்திருக்கும்.

கி.பி. 321 மார்ச் 7இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஒரு சட்டம் போட்டார். ஞாயிறன்று நீதிபதிகளும் நகரத்து மக்களும் கைத்தொழிலாளரும் ஓய வேண்டும் என்றது அது. ஆனால் உழவருக்கு விலக்கு கொடுத்தார். விதைக்கவும் திராட்சைக் கொடி நடவும் ஏற்ற நாள் தவறினால் பிறகு கிடைக்காது என்பது காரணம். நிலத்தைத் தெரிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். நம்ம ஊர்ப் பனையேறியை நினைத்துப் பாருங்கள். பாளையை நாள் தவறாமல் சீவாவிட்டால் சுரப்பு நின்றுவிடும். இயற்கையோடு கட்டுண்ட தொழிலுக்கு நாள்காட்டி மட்டும் போதாது. அதே 321ஆம் ஆண்டில் இரண்டாவதாக ஒரு ஆணையும் வந்தது. ஞாயிறன்று நீதிமன்ற வழக்கு கூடாது, ஆனால் அடிமையை விடுதலை செய்யும் பத்திரத்தை மட்டும் எழுதலாம் என்றது. உபாகமம் சொன்ன எகிப்து அடிமைத்தனத்தின் நினைவு ரோமச் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

ஆசீர்வாதப்பரின் நேர ஒழுங்கு

வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தாகிவிட்டது. மற்ற ஆறு நாட்களுக்கு என்ன ஒழுங்கு? இதற்கு விடை சொன்னவர் இத்தாலியில் நூர்சியா என்ற ஊரில் பிறந்த பெனடிக்ட். நம்ம கத்தோலிக்க அன்பர்கள் இவரைப் புனித ஆசீர்வாதப்பர் என்பார்கள். 6ஆம் நூற்றாண்டில் மோந்தே கசீனோ மலைமேல் மடம் அமைத்து, துறவிகளுக்காக 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூலை எழுதினார். 'செபமும் உழைப்பும்' என்ற இலத்தீன் முழக்கம் இவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும். அந்தத் தொடர் அவருடைய நூலில் கிடையாது, பின்னால் வந்தவர்கள் வைத்த சுருக்கம். உண்மையில் நூல் சொல்வது இரண்டை அல்ல, நான்கை: செபம், கையுழைப்பு, படிப்பு, ஓய்வு.

48ஆம் அதிகாரத்தில் கோடைக்கால ஒழுங்கு இப்படி இருக்கிறது. காலையில் வேலை, வெயில் ஏறியதும் படிப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கையில் அமைதியாக ஓய்வு. தூங்காமல் படிக்க விரும்புகிறவர் அடுத்தவர் தூக்கம் கெடாதபடி தனக்குள் படிக்க வேண்டும். மாலை வழிபாடு வரை மறுபடியும் வேலை. ஞாயிறன்று, பொறுப்புகள் உள்ளவர்களைத் தவிர மற்ற எல்லோரும் படிப்பில் இருக்க வேண்டும். பலவீனருக்கும் நோயாளிக்கும் உடம்பு தாங்குகிற வேலை மட்டுமே தர வேண்டும். இதுவும் அதிபாரம் ஏற்றாமைதான்!

கடைக்காரருக்கும் இதில் பாடம் உண்டு. மடத்தில் செய்த பொருளை வெளியே விற்கும்போது பேராசை நுழையாமல் இருக்க, வெளியார் விற்கும் விலையைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும் என்கிறது 57ஆம் அதிகாரம். பண்டகசாலைப் பொறுப்பாளர் மடத்தின் கருவிகளையும் சாமான்களையும் பலிபீடத்துப் புனிதப் பாத்திரங்களைப் போல மதிக்க வேண்டும் என்கிறது 31ஆம் அதிகாரம். அவருக்கு வேலை அதிகமானால் உதவியாளர் தர வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. ஆயுத பூசை கொண்டாடுகிற நமக்கு அந்த மனசு புரியும்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 35ஆம் அதிகாரம். சமையற்கட்டு வேலை அங்கே முறை வைத்து நடக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு வாரம் அடுப்படியில் நிற்க வேண்டும். முறை முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலவீனருக்குத் துணையாள் உண்டு. நோய், வேறு முக்கியப் பொறுப்பு என்றால் மட்டும் விலக்கு. பிரபு குடும்பத்துப் பிள்ளையும் முன்னாள் அடிமையும் ஒரே மடத்தில் சேர்ந்த காலம் அது. இரண்டு பேருக்கும் அதே கரண்டிதான்.

இந்த ஒழுங்கு நம் மண்ணுக்கும் வந்தது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவிய இருவரில் ஒருவரும், 1968 முதல் 1993இல் மறையும் வரை அதை வழிநடத்திய பீட் கிரிஃபித்ஸ் அடிகளாரும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளே.

ஆலைச் சங்கும் மும்பைத் தொழிலாளியும்

இங்கிலாந்தில் ஞாயிறைச் சட்டம் போட்டுக் காத்தார்கள். 1677ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிறு வியாபாரத்தைத் தடுத்தது. பால் மட்டும் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் விற்கலாம். ஆனால் ஆறு நாள் உழைப்புக்கு எல்லை வைக்காமல் ஏழாம் நாளை மட்டும் பூட்டி வைத்தால் போதுமா? நூற்பாலைகள் வந்தபோது சின்னக் குழந்தைகள்கூடப் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் நின்றார்கள். அதை எதிர்த்துப் போராடியவர்களில் முதன்மையானவர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு. ஆழ்ந்த கிறித்தவப் பற்று உள்ளவர். பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் 1847இல் வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அவர்கள் வேலையை நிறுத்தச் சொன்னது. நாம் சொல்லும் சனிக்கிழமை அரைநாள் லீவுக்கு இதுதான் ஒரு முக்கிய வேர்.

பம்பாயில் முதல் நூற்பாலை நிறுவப்பட்டது 1854இல். ஷாஃப்ட்ஸ்பரி இந்தியத் தொழிலாளர் நிலையையும் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அவருக்குப் பின்னால் இந்திய ஆலைகளின் போட்டிக்குப் பயந்த லங்காஷயர் முதலாளிகளும் நின்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் விடுமுறை தந்தது. பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை.

அவர்களுக்காக எழுந்தவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1848இல் பிறந்தவர், மகாத்மா ஜோதிராவ் புலேயின் தோழர், 'தீனபந்து' இதழை நடத்தியவர். 1884இல் சுமார் 5,500 தொழிலாளர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அரசு அமைத்த குழுவிடம் கொடுத்தார். ஞாயிறுதோறும் முழுநாள் ஓய்வு, மதியம் அரை மணி இடைவேளை ஆகியவை அதிலிருந்த கோரிக்கைகள். 1890 ஏப்ரல் 24இல் மகாலட்சுமி பகுதியில் ஏறக்குறைய பத்தாயிரம் தொழிலாளர் கூடினார்கள். பெண் தொழிலாளர் இருவரும் மேடையேறிப் பேசினார்கள். 1890 ஜூன் 10இல் ஆலை முதலாளிகள் சங்கம் வாராந்திர விடுமுறைக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு 1891இல் அது சட்டத்திலும் ஏறியது. லோகண்டேயின் அஞ்சல் தலை 2005இல் வெளியானது.

லோகண்டே கிறித்தவர் அல்லர். கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோரும் அல்லர். ஆள்வோரின் தேவாலய நாளாக வந்த ஞாயிறைத் தொழிலாளிகள் தங்கள் உரிமை நாளாக்கிக்கொண்டார்கள். மராட்டிய மக்களுக்கு அது கண்டோபா தெய்வத்துக்கு உகந்த கிழமையும்கூட. தற்செயலாக அதே 1891 மே மாதம் ரோமில் போப்பாண்டவர் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஞாயிறு ஓய்வும், உடம்பு தாங்குகிற அளவுக்கு வேலை நேரமும் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டியவை என்று அதில் வலியுறுத்தினார். உலகத் தொழிலாளர் அமைப்பு 1921இல், ஏழு நாளுக்குள் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு என்று உடன்படிக்கை செய்தது. இந்தியா 1923இல் அதை ஏற்றது. கடைச் சிப்பந்திகளுக்கு வழி செய்தவை 1939ஆம் ஆண்டுப் பம்பாய்க் கடைகள் சட்டமும் 1942ஆம் ஆண்டு வார விடுமுறைச் சட்டமும்.

சேர்ந்து ஓய்வதன் அருமை

ஏழாம் நாளை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பத்து நாள் வாரம் கொண்டு வந்தார்கள். ஏழில் ஒன்று போய்ப் பத்தில் ஒன்று என்றால் உழைப்பாளிக்கு நஷ்டம்தானே! 1806 தொடக்கத்தில் அந்த நாள்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் நாட்டில் 1929இல் ஐந்து நாள் சுழற்சி வந்தது. எந்திரம் நிற்கக் கூடாது என்று தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி, ஆளுக்கொரு நாள் விடுமுறை தந்தார்கள். கணக்குப்படி ஓய்வு அதிகம். ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு ஒரு நாள், பிள்ளைக்கு ஒரு நாள். வீடு கூடவே இல்லை. 1940இல் பழையபடி ஏழு நாள் வாரத்துக்கும் பொது ஞாயிறுக்கும் திரும்பினார்கள்.

இது நமக்கும் பொருந்தும். மகாராட்டிரத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் வருஷம் முழுக்கக் கடை திறக்க அனுமதிக்கிறது. ஊழியருக்கு முறை வைத்து வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். வாடிக்கையாளருக்கும் வியாபாரத்துக்கும் நல்லதுதான். ஆனால் ஊரிலிருந்து வந்து கடையில் நிற்கிற பையனுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கொடுத்தால், அவன் கூட்டாளிகளெல்லாம் வேலையில் இருக்க, அவன் அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். மாதம் ஒரு ஞாயிறாவது எல்லோருக்கும் முறை வரும்படி செய்தால் என்ன கெட்டுப் போகும்? தாராவியில் ஞாயிறு காலை தமிழ் ஆராதனைக்குப் போகும் திருநெல்வேலிச் சீமைக் குடும்பங்களைப் பாருங்கள். பாட்டு, பிரசங்கம் முடிந்த பின் வாசலில் நின்று ஊர் விஷயம் பேசுவார்கள். அந்த அரைமணிப் பேச்சும் ஓய்வுதான்.

ஓய்வு நாளில் மட்டும் இல்லை, வேலை நேரத்திலும் வேண்டும். நாள் முழுக்க நின்றே விற்பனை செய்யும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் செய்தன. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பது வியாபாரிகளான நமக்குப் பெருமை இல்லை.

வீட்டுக்குள் ஒரு வார்த்தை

கட்டளையின் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாம் உண்டு, மனைவி தனியாக இல்லை. வீட்டுக்காரனோடு சேர்த்துச் சொன்னதாக அறிஞர்கள் விளக்கம் தருவார்கள். ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஞாயிறன்று எல்லோருக்கும் லீவு, அடுப்புக்கு மட்டும் கூடுதல் வேலை. காலையில் பூரி, மதியம் விருந்து, சாயங்காலம் வருகிறவர்களுக்குப் பலகாரம். ஏசுநாதர் மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகள் வீட்டுக்குப் போன கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பல வேலையில் அலைக்கழிந்த மார்த்தாள், தன்னைத் தனியே விட்டுவிட்டார்களே என்று முறையிட்டாள். அவளுடைய கவலையைப் போக்க ஏசுநாதர் வழி சொன்னார். ஆனால் பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று கதை சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்பியது ஆசீர்வாதப்பரின் 35ஆம் அதிகாரம்தான் என்பது என் எண்ணம். முறை வைத்துச் செய்!

அதே நூல்களில் இன்னொரு யோசனையும் உண்டு. பாலைவனத்தில் மன்னா என்ற உணவை ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்த்து வைத்தார்கள், ஏழாம் நாள் யாரும் கூடையைத் தூக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையே சேர்த்துச் செய்துவிட்டு, ஞாயிறு எளிய சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் தாய்மார்களுக்கும் அந்த நாள் ஓய்வுநாளாகும். ஆண்பிள்ளைகள் ஒரு வேளை அடுப்படியில் நின்றால் இன்னும் நல்லது. பழகினால் வரும்.

இந்த நீண்ட சரித்திரத்தில் ஓய்வு என்பது உழைத்தவனுக்குக் கிடைக்கும் பரிசாகவோ, வசதி உள்ளவனின் சுகமாகவோ தொடங்கவில்லை. பிறர் உழைப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு இட்ட கட்டளையாகத் தொடங்கியது. ஆகவே அடுத்த ஞாயிறு வரும்போது நாம் ஓய்ந்தோமா என்று கேட்பதற்கு முன்னால், நம் கடையிலும் நம் வீட்டிலும் நம்மால் ஓய்ந்தவர் யார், நம்மால் ஓயாதவர் யார் என்று ஒரு கணக்கு எழுதிப் பார்ப்போம். எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் அந்தக் கணக்கில் பற்று அதிகமாக இருக்கக் கூடாது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!